காரணம் தெரியாமல் தேய்க்காதீர்கள்

செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் கறைக்காரர் நுழையாத பாத்ரூம் ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால், அந்த வீட்டை இன்னும் கட்டி முடிக்கவில்லை என்று அர்த்தம். மற்றவர்கள் ஒரு வீட்டுக்குப் போனால் சாமி படத்தைப் பார்ப்பார்கள், டி.வி. எத்தனை பெரிசு என்று பார்ப்பார்கள், காபி வருமா என்று சமையலறைப் பக்கம் பார்ப்பார்கள். கறைக்காரர் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார், "பாத்ரூமு எந்தப் பக்கம்?"

போனால் லேசில் வர மாட்டார். புது வீடுகளில் இதனால் சங்கடங்கள் நேர்ந்திருக்கின்றன. உள்ளே தண்ணீர் விடும் சத்தமே கேட்காததால் வீட்டுக்கார அம்மாள் கவலைப்பட்டு ஓமத் தண்ணீர் காய்ச்சி வைத்திருப்பார். வேட்டியை மடித்துக் கட்டியபடி வெளியே வரும் கறைக்காரர் அந்த ஓமத் தண்ணீரையும் மறுக்காமல் குடித்துவிட்டு, அந்த வீட்டு போர் தண்ணீரின் யோக்கியதையைப் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்துவார்.

எங்கள் தெருவில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரே "கறைக்காரர் வூடு எது?" என்றுதான் கேட்பார். ஒரு டைல்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விற்பனையில் இல்லை, புகார்ப் பிரிவில். "உங்க டைல்ஸ் ஒரே மாசத்துல மஞ்சளா போச்சு" என்று யாராவது சண்டைக்கு வந்தால், கம்பெனி இவரை அனுப்பும். இவர் போய், குற்றம் டைல்ஸ் மேல் இல்லை, தண்ணீர் மேல், குழாய் மேல், சோப்பின் மேல், கடைசியாக அந்த வீட்டு மனிதர்கள் மேல் என்று படிப்படியாக நிரூபித்துவிட்டு வருவார். அவர் வேலையிலிருந்த காலம் முழுவதும் ஒரு டைல்ஸ்கூடத் தண்டிக்கப்படவில்லை. இப்படி ஒரு வக்கீல் கிடைக்காமல் எத்தனையோ பெரிய மனிதர்கள் ஜெயிலுக்குப் போயிருக்கிறார்கள்.

ஓய்வு பெற்றதும் கம்பெனி நிறுத்திக்கொண்டது, அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. ஆனால் எந்தக் கறையையும் அவர் துடைத்ததில்லை. ஒரு துணியைக்கூடக் கையில் எடுக்க மாட்டார். "காரணம் தெரியாம தேய்க்கறவன் டைல்ஸத்தான் தேய்ப்பான்" என்பது அவர் கொள்கை. ஆசிட் என்ற சொல்லைக் கேட்டாலே, கெட்ட வார்த்தை பேசும் வீட்டில் மாட்டிக்கொண்டவர்போல முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிவந்த வாரமே எங்கள் பாத்ரூமைப் பார்க்க வந்தார். அழைத்தது என் மனைவி. குழாய்க்கடியில் செம்பட்டையாக ஒரு கோடு இறங்கியிருந்தது. அதற்குக் காரணம் நான்தான் என்பது அவள் கட்சி. என்னிடம் மாற்றுக் கட்சி எதுவும் இல்லாததால், ஒரு நிபுணர் வருவது எனக்கும் நல்லதாகவே பட்டது.

கறைக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு அரை எலுமிச்சம்பழத்தை எடுத்து, குழாயைச் சுற்றிப் பூத்திருந்த பொருக்கில் ஒரு சொட்டு பிழிந்தார். அது மெல்லச் சீறியது. "சுண்ணாம்பு உப்பு சார். தானா வுட்டா வெள்ளையாத்தான் இருக்கும். போர் தண்ணியில இரும்பு கீது, அது சேர்ந்தா இந்த செம்பட்ட வரும். இதுல சாரு தப்பு ஒண்ணும் இல்ல." என் வாழ்க்கையில் ஒரு பாத்ரூமில் வைத்து எனக்குக் கிடைத்த முதல் நற்சான்றிதழ் அது. அங்கேயே அவருக்கு நன்றி சொல்லி வெளியே அழைத்து வந்திருக்க வேண்டும். அதற்குள் அவர் கீசருக்கு அடியில் குனிந்துவிட்டார்.

அங்கே நீலமும் பச்சையுமாக ஒரு திட்டு. பித்தளைக் குழாயில் சொட்டுச் சொட்டாக வழிந்தால் அந்த நிறம் வருமாம். வீட்டில் யாரோ குழாயை முழுசாக மூடுவதில்லை என்றார். மனைவி என்னைப் பார்த்தாள். தரையில் தண்ணீர் போகிற ஜாலியைச் சுற்றி ரோஸ் நிறத்தில் வழவழவென்று ஒன்று படிந்திருந்தது. அது தண்ணீரின் வேலையே இல்லையாம். சோப்பும் ஷாம்புவும் மிச்சமிருக்கும் ஈரத்தில் வளரும் கிருமியாம்; யாரோ குளித்துவிட்டு ஜன்னலைத் திறக்காமல் வருகிறார்கள் என்றார். மனைவி மறுபடியும் என்னைப் பார்த்தாள். அப்புறம் அவர் வாஷ்பேசின் பக்கம் திரும்பினார். அதன் விளிம்பில் கருப்பாகச் சில புள்ளிகள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது தண்ணியும் இல்ல, பூஞ்சையும் இல்ல," என்றார், பக்கத்து வீட்டு மாடி வரை எட்டும் குரலில். "இது தலைக்கு அடிக்கற டை."

என் தலைமுடி இயற்கையிலேயே கருப்பு என்று அந்தத் தெரு நம்பிக்கொண்டிருந்த காலம் மொத்தம் ஆறு நாள்.

அந்த எலுமிச்சம்பழத்தாலும் அவருக்குச் சோதனைகள் வந்ததுண்டு. பின் தெருவில் ஒரு வீட்டில் சோதனையை முடித்துவிட்டுப் பிழிந்த மூடியை பாத்ரூம் மூலையிலேயே மறந்து வைத்துவிட்டார். அந்த வீட்டு அம்மாள் சாயங்காலம் குளிக்கப் போனவர், மூலையில் எலுமிச்சம்பழத்தையும் பக்கத்தில் சிவப்பாக ஒரு வழிசலையும் பார்த்ததும் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒரு மந்திரவாதியை வரவழைத்துவிட்டார். மந்திரவாதி வேப்பிலையோடு உள்ளே போனபோது, மறந்த மூடியைத் தேடிக்கொண்டு கறைக்காரரும் வந்து சேர்ந்தார். இரண்டு பேரும் உள்ளே வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்த மந்திரவாதி, "அம்மா, மேல் டேங்குல இரும்புக் குழா துருப்பிடிச்சிருக்கு, மாத்திடுங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்.

இந்த மனிதர் என் மகளின் கல்யாணத்துக்குள் நுழைந்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

யமுனா சிறுசேரியில் வேலை பார்க்கிறாள். அதே அலுவலகத்தில் தினேஷ். கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் ஆரம்பித்தது, ஒரு நாள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை வரை வந்து சேர்ந்தது. என் மனைவி ஒரு வருஷம் முரண்டு பிடித்தாள். பையனைக் குறை சொல்ல முடியவில்லை. அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். "வீட்டைப் போய்ப் பார்ப்போம். எதையாவது மறைக்கிறாங்கன்னு தெரிஞ்சுது, அதோட சரி. அப்புறம் என்கிட்ட யாரும் பேசக் கூடாது."

அவள் இதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் கல்யாணத்தின்போது, நான் பத்திரிகைகளுக்கு எழுதுவேன் என்ற விஷயத்தை எங்கள் வீட்டார் மறைத்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை வீடு மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம், கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி. நல்ல காரியத்துக்கு ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். நானும் மனைவியும், மச்சினனும் அவன் மனைவியும். ஒரு ஆள் குறைந்தது. வாசலில் நின்று யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, எதிர் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு கறைக்காரர் வந்தார். சலவைச் சட்டை, நெற்றியில் விபூதி.

"அஞ்சாவது ஆளு நான் வரேன் சார். கடலோரத் தண்ணி பாத்து நாளாவுது."

யமுனா என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "அப்பா, உன் காலைப் பிடிச்சுக் கேட்கறேன். அவரைக் கூட்டிட்டுப் போ, வேண்டாங்கல. ஆனா பாத்ரூம் பக்கம் மட்டும் விட்றாத." எதற்கு இவ்வளவு பதற்றம் என்று எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் சத்தியம் செய்தேன்.

மாப்பிள்ளை வீட்டு கேட்டைத் தாண்டும்போதே கண் எரிந்தது. பிள்ளையின் அம்மா மூன்று நாளாக வீட்டைக் கழுவியிருக்கிறார் என்பது தெருவுக்கே மணத்தது. ஆசிட். கறைக்காரர் மூக்கை உறிஞ்சினார். வேட்டை நாய் காதைத் தூக்குவது மாதிரி அவர் தலை மெல்ல நிமிர்ந்தது.

அடுத்த அரைமணி நேரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. தினேஷின் அப்பா நெல் விலையைப் பற்றியும் ஈ.சி.ஆரில் நிலம் விற்கிற விலையைப் பற்றியும் பேசினார். நான் கறைக்காரரின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, அவர் அசையும்போதெல்லாம் ஒரு பஜ்ஜியை எடுத்து அவர் தட்டில் வைத்தேன். பத்தாவது பஜ்ஜியில் அவர் எழுந்துவிட்டார். கையெல்லாம் எண்ணெயாம், கழுவ வேண்டுமாம். நான் என் கைக்குட்டையை நீட்டினேன். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். பிள்ளையின் அம்மாவோ பெருமையோடு, "பாத்ரூமு இந்தாண்ட கீதுங்க," என்று வழிகாட்டிவிட்டார்.

போனவர் உடனே திரும்பி வந்தார். அவர் சரித்திரத்தில் அப்படி நடந்ததே இல்லை. இழவு வீட்டுக்குப் போய்விட்டு வருகிறவரின் முகம்.

"ஒண்ணுமே இல்ல சார்," என்றார்.

பிள்ளையின் அம்மா சிரித்தார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டார்.

"இந்த மண்ணு, கடல் பக்கம், போர் தண்ணி. இங்க ஒரு கறை கூட இல்லாத பாத்ரூமா? ஆசிட்ட ஊத்தி டைல்ஸு தோல உரிச்சு வெச்சிகீறீங்கம்மா. போவட்டும். அதுல சோப்புப் பொட்டி கூட இல்ல. இது வர்றவங்களுக்குக் காட்டறது. நீங்க குளிக்கற பாத்ரூமு எங்க கீது?"

"ஒண்ணுதாங்க கீது," என்றார் பிள்ளையின் அம்மா. கணவரைப் பார்த்தார், அவர் தரையைப் பார்த்தார். என் மனைவி கையிலிருந்த கேசரித் தட்டைக் கீழே வைத்தாள். அவள் தட்டைக் கீழே வைக்கும் விதம் எனக்குத் தெரியும். யமுனாவின் முகம் ஞாபகத்துக்கு வந்து, என்னால் உட்கார முடியவில்லை.

நாங்கள் சுதாரிப்பதற்குள் கறைக்காரர் சமையலறையைக் கடந்து கொல்லைக்குப் போய்விட்டார். பின்னாலேயே எல்லாரும் ஓடினோம். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு சின்ன அறை. கதவு திறந்திருந்தது. கறைக்காரர் உள்ளே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். திருவிழாவில் தொலைந்துபோய் வீட்டைக் கண்டுபிடித்தவரைப்போல அவர் முகம் மலர்ந்திருந்தது.

சுவர் முழுக்கக் கறை. வெள்ளை, செம்பட்டை, அதன்மேல் பழுப்பு, அடுக்கடுக்காக. விரலால் தடவி, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, தலையை ஆட்டி ரசித்தார். அப்புறம் அவர் தலை ஆடுவது நின்றது. தரையைப் பார்த்தார். நான்கு துரு வட்டங்கள், சதுரமாக.

"இரும்பு நாற்காலி," என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "தினம் ஒரே எடத்துல போடறாங்க. இங்க பாருங்க, செவுத்துல ஆளு உக்கார்ற எடம் மட்டும் சுத்தமா கீது, சுத்தி உப்பு ஏறிக்கீது. யாரோ உக்காந்துகினு குளிக்கறாரு. அவரா குளிக்கல. எதிர்ல நின்னு ஒரு ஆளு மொண்டு ஊத்தறான். சோத்துக் கைக்காரன் ஊத்தியிருந்தா கறை இந்தாண்ட ஏறியிருக்கும். இது அந்தாண்ட ஏறிக்கீது. ஊத்தறவன் பீச்சாங்கைக்காரன்."

எல்லாரும் தினேஷைப் பார்த்தோம். காபி டம்ளர் அவன் இடது கையில் இருந்தது. சட்டென்று வலது கைக்கு மாற்றினான்.

"அவரு எங்க?" என்றார் கறைக்காரர்.

பிள்ளையின் அம்மா துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அங்கே உட்கார்ந்து குளிக்கிற பெரியவர் தினேஷுக்குப் பெரியப்பா. கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி குடும்பத்தோடேயே இருந்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அன்றைக்கு மட்டும் பக்கத்து வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். "நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன்," என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னார் அந்த அம்மாள். "இப்படி ஒருத்தரு இருக்கற வூட்டுக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க?"

"யமுனாவுக்கு எல்லாம் தெரியும் ஆன்ட்டி," என்றான் தினேஷ் என் மனைவியிடம். "உங்ககிட்ட நானே சொல்லியிருக்கணும்."

மறைத்திருக்கிறார்கள். என் மனைவியின் நிபந்தனை அந்தக் கொல்லையில் எங்கள் எல்லாருக்கும் நடுவில் வந்து நின்றது. மச்சினன் கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டான். நான் வழக்கம்போல எதையும் எடுத்துக்கொள்ளாமல் நின்றேன். அவள் யாரையும் பார்க்கவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறைக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அம்மா, மறைச்சது தப்புதான். ஆனா இந்த உப்பு இவ்ளோ தடிமன் ஏறணும்னா வருசக் கணக்காவும். பொண்ணு வூட்டுக்காரங்க வர்றாங்கன்னு நேத்து செஞ்ச வேல இல்ல இது. ஒரு நாளும் வுடாம ஒருத்தன் ஊத்திகீறான்." எலுமிச்சம்பழத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சர்வீஸ் பூரா நான் போன வூட்ல எல்லாம், தப்பு டைல்ஸ் மேல இல்ல, ஆளுங்க மேலன்னுதான் எழுதிக் குடுத்துட்டு வந்தேன். இங்க ஆளுங்க மேலயும் இல்லம்மா."

என் மனைவி சுவரை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் தினேஷின் பக்கம் திரும்பி, "போய்ப் பெரியப்பாவைக் கூட்டிட்டு வாப்பா. பெரியவர் இல்லாம என்ன பேச்சு?" என்றாள். அவன் ஓடினான். டம்ளர் மறுபடியும் இடது கைக்கு வந்திருந்தது.

கூடத்துக்குத் திரும்பும்போது அவள் என் காதோரம் சொன்னாள். "நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி இவரை உங்க வீட்டுக்கு அனுப்பியிருக்கணும்."

கல்யாணம் செங்கல்பட்டில் நடந்தது. முகூர்த்த நேரத்துப் படம் ஒன்றில்கூடக் கறைக்காரர் இல்லை. மணமகள் அறையின் பாத்ரூமில் இருந்தார். தாலி கட்டி முடிந்ததும், மண்டப மேனேஜரைச் சட்டையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு வந்தார். அந்த மேனேஜர் சாப்பிடாமலேயே போய்விட்டார்.

நான் எதிர்பாராதது அதற்குப் பிறகு நடந்தது. வாரம் ஒரு நாள் கறைக்காரர் பஸ் ஏறி என் மகள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். பெரியப்பாவின் நாற்காலிக்கு எதிரில் இன்னொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வெள்ளைக் கறை, செம்பட்டைக் கறை, பச்சைக் கறை என்று காலையில் தொடங்கினால் சாப்பாட்டு வேளை வரை போகும். மாவட்டத்திலேயே அவர் பேச்சின் நடுவில் எழுந்து போகாத முதல் ஆள் பெரியப்பா. எழுந்து போக அவரால் முடியாது என்பது வேறு விஷயம். ஆனால் அவர் காது கொடுத்துக் கேட்டார். யமுனா சொல்வாள், மந்திரவாதி கதை வரும் இடத்தில் பெரியப்பாவின் பாதி முகம் சிரிக்கும், அதற்காகவே கறைக்கார அங்கிள் அந்தக் கதையை ஒவ்வொரு வாரமும் புதிதாகச் சொல்கிறார் என்று. தினேஷ் கொல்லை அறைக்குப் புது டைல்ஸ் போடலாமா என்று கேட்டபோது பெரியப்பா நல்ல கையை ஓங்கினாராம்.

போன வாரம் கறைக்காரருக்கு மூட்டு வலி. பஸ்ஸில் ஏற முடியவில்லை. பெரியப்பா காலையிலிருந்து வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார், நாஸ்தாவைக்கூடத் தள்ளிவிட்டார் என்று யமுனா போன் செய்தாள். நான் எழுதிக்கொண்டிருந்ததை மூடி வைத்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். கறைக்காரர் ஏற்கெனவே சலவைச் சட்டையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பை புடைத்திருந்தது.

காரில் ஏறியதும் வாஷ்பேசினில் வரும் கறைகளைப் பற்றி ஆரம்பித்தார். என் தலையை ஒருமுறை பார்த்துவிட்டு டை விஷயத்தில் புதிதாக ஏதோ கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னார். மாமல்லபுரம் வரை நிறுத்தவே இல்லை. நான் ரேடியோவைப் போடவில்லை. வண்டியையும் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓட்டினேன்.